உரோமன் கோலால் உலகை அளப்பதோ?

ஓர் இனத்தை வென்றவன் முதலில் அதன் மண்ணைப் பறிக்கிறான். அடுத்து அதன் மொழியைப் பறிக்கிறான். இறுதியில், அவ்வினம் தன்னைத் தானே அளந்து கொள்ளும் கோலையும் பறித்துக் கொண்டு, தன் கோலை அதன் கையில் திணித்துவிட்டுப் போகிறான். முன்னிரண்டும் கண்ணுக்குத் தெரியும் கொள்ளைகள். வரலாற்று நூல்களில் இடம் பெறுவன. மூன்றாம் கொள்ளையோ ஈராயிரம் ஆண்டு கடந்தும் ஓயவில்லை. இன்று அது கணினித் திரையில் ஏறி, விளையாட்டு என்னும் பெயரால் இளைஞர் கைகளிலேயே தவழ்கிறது.

சுவீடன் நாட்டுப் பாரடாக்சு நிறுவனம் 2019 ஏப்பிரல் 25-இல் ‘இம்பெரேட்டர்: உரோம்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. இம்பெரேட்டர் என்பது வெற்றி பெற்ற படைத்தலைவனை உரோமப் படை வாழ்த்தி அழைத்த இலத்தீன் பட்டம். இவ்விளையாட்டில் ஆடுவோன் ஒற்றை மறவனாக வாளேந்திப் போவதில்லை. ஒரு நாட்டையே கையிலெடுத்து நடத்துகிறான். வரி தண்டுதல், படை திரட்டுதல், வாணிகம் பெருக்குதல், உடன்படிக்கை செய்தல், ஆளுநரை அமர்த்துதல் ஆகிய அனைத்தும் அவன் பொறுப்பு. நிலப்படம் பிரித்தன் தீவு முதல் இந்திய நிலப்பரப்பு வரை விரிந்து கிடக்கிறது. 2021-இல் நிறுவனம் இதன் வளர்ச்சிப் பணியை நிறுத்தி வைத்தது. ஆயினும் ஆடுவோர் குன்றவில்லை. ஆர்வலர்கள் தாமே திருத்தங்கள் இயற்றிச் சேர்த்து இன்றும் ஆடி வருகின்றனர்.

ஆட்டம் தொடங்கும் ஆண்டு கி.மு. 304, முடியும் ஆண்டு கி.மு. 27. ஆனால் திரையில் ஓடும் ஆண்டுக் கணக்கு அதுவன்று. உரோம் நகர் தோன்றியதாகச் சொல்லப்படும் ஆண்டிலிருந்து எண்ணி, 450 முதல் 727 வரை அது ஓடுகிறது. கௌல் நாட்டான் ஒருவனை ஆளுக. தொலைகிழக்கின் அரசன் ஒருவனை ஆளுக. உரோம் என்னும் ஊரின் பெயரையே கேள்விப்படாத ஒரு குடியை ஆளுக. ஆண்டுக் கணக்கு மட்டும் உரோமன் கணக்கே! காலத்தையே அவன் கோலால் அளந்துவிட்ட பிறகு, மாந்தரை வேறு எந்தக் கோலால் அளக்கப் போகிறார்கள்?

மூவகை அரசும் ஓர் இழிவும்

இவ்விளையாட்டில் அரசமைப்பு மூவகை: முடியரசு, குடியரசு, பழங்குடி. கிரேக்கருள் பலரும் பாரசீகரும் மன்னராட்சி நடத்துவர். உரோமும் கார்த்தேசும் குடியரசு நடத்தும். கௌலியர், செருமானியர், பிரித்தானியர், ஐபீரியர் என ஐரோப்பாவின் பெரும்பரப்பில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான மக்களினங்களோ ‘பழங்குடி’ என்னும் ஒரே கொட்டிலில் அடைக்கப்பட்டிருக்கின்றன.

பழங்குடி நாட்டை ஆடுவோன் படும் பாடு தனி. குடித்தலைவர்கள் தம்தம் படையை வைத்துக்கொண்டு தம் விருப்பப்படி நடப்பர். மக்களை எடுத்துக்கொண்டு இடம்பெயரும் குடிகளும் உண்டு. ஊரையே பெயர்த்துப் படையாக்கி நடத்திப் போகலாம். இவற்றுக்கெல்லாம் மேலே ‘நாகரிக மதிப்பு’ என்றோர் எண் நிற்கிறது. ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் அந்த எண் உண்டு. அது ஏறினால் குடிமக்கள் மகிழ்வர். பழங்குடியினரோ மகிழ்ச்சி குன்றுவர். அறிவாய்வு பெரும்பாலும் குடிமக்களிடமிருந்தே பிறக்கும். பின்னர் வந்த பதிப்பில் உயர்குடியினரிடமிருந்தும் பிறக்கும். பழங்குடியினர் தருவன சிறிதளவு வரியும் சிறிதளவு படையாளும் மட்டுமே. தொடக்கப் பதிப்பில் மக்களை வகுத்த வரிசை இதுதான்: குடிமகன், தன்னுரிமையன், பழங்குடியினன், அடிமை. அடிமைக்கு ஒரு படி மேலே பழங்குடி!

ஆகவே, பழங்குடி நாட்டைக் கையிலெடுத்தவன் முன் விளையாட்டு வைக்கும் ஏணி தெளிவாகவே தெரிகிறது. தலைவர்களின் பிடியைத் தளர்த்து. ஆட்சியை நடுவில் குவி. நாகரிக மதிப்பை உயர்த்து. பிறகு அரசமைப்பை முடியரசாகவோ குடியரசாகவோ மாற்றிக்கொள். அஃதாவது, பழங்குடியாய் நன்றாக ஆடியதற்குப் பரிசு, பழங்குடியாய் இல்லாதொழிவதே! அரசனாய் நன்கு ஆண்டவன் பேரரசன் ஆகிறான். குடியரசை நன்கு நடத்தியவன் பெருங்குடியரசன் ஆகிறான். பழங்குடியை நன்கு நடத்தியவன் மட்டும் தன் அமைப்பையே களைந்தெறிந்தால்தான் உயர்ந்தவன் ஆகிறான். இஃது எங்ஙனம் பொதுவான ஆட்டம் ஆகும்?

உரோமன் யார்?

இக்கோல் பொய்க்கோல் என்பதை மெய்ப்பிக்க உரோமிலிருந்தே சான்று காட்டலாம். ஆங்கிலத்தில் பழங்குடியைக் குறிக்கும் சொல்லுக்கு மூலம் ‘திரிபுசு’ என்னும் இலத்தீன் சொல். அச்சொல் யாரைக் குறித்தது? காட்டில் திரிந்த கௌலியனையா? செருமானியனையா? இல்லை! உரோமக் குடிமக்களையே குறித்தது. உரோமன் ஒவ்வொருவனும் ஒரு திரிபுசைச் சேர்ந்தவன். ஆட்டம் தொடங்கும் கி.மு. 304-இல் உரோமில் இருந்தவை 31 திரிபுசுகள். கி.மு. 299-இல் அவை 33 ஆயின; கி.மு. 241-இல் 35 ஆயின. அத்தொகை பின்னர் மாறவேயில்லை.

உரோமப் பொதுமக்கள் அவையில் தனியாள் ஒவ்வொருவனின் வாக்கையும் ஒன்று ஒன்றாக எண்ணவில்லை. திரிபுசு ஒன்றுக்கு ஒரு வாக்கு என்றே எண்ணினர். ஆட்டம் தொடங்கும் அதே கி.மு. 304-இல் கணக்கெடுப்புத் தலைவராய் இருந்த பேபியசு உருல்லியானசு, நகர்ப்புற எளிய மக்களை நான்கு நகரத் திரிபுசுகளுக்குள் ஒடுக்கி, மற்றத் திரிபுசுகளில் அவர்கள் வாக்கு எடுபடாமல் செய்தார். மக்கள் காவலராகிய திரிபியூன், வழக்கு மன்றமாகிய திரிபியூனல், தோற்றவன் கட்டும் திறைப்பொருளாகிய திரிபியூட்டு என வழங்கும் சொற்கள் எல்லாம் அந்தத் திரிபுசின் வழிவந்தவையே. வரியும் வாக்கும் அவையும் குடியடிப்படையில் அமைந்த உரோமன் குடியரசினனாம்! மற்றவன் பழங்குடியாம்! தன் பெயரைப் பிறன் மேல் இழிபெயராய் ஒட்டிவிட்டுத் தான் நழுவிக்கொண்டவனின் கள்ளத்தனம், ஈராயிரம் ஆண்டுக்குப் பின் விளையாட்டின் விதியாகிவிட்டது.

இனி, அந்தப் ‘பழங்குடி’களின் ஆட்சி எத்தகையது என்று காண்க. நடுக் கௌல் நாட்டில் எதுவியர் என்னும் இனத்தார் வாழ்ந்தனர். அவர்களைப் பற்றி எழுதியவன் அவர்கள் நாட்டைப் பிடித்த சீசரே. எனவே மிகைப்படுத்திப் புகழ்ந்தான் என்று ஒருவரும் சொல்ல முடியாது. எதுவியர் ஆண்டுதோறும் ஒரு தலைவனைத் தேர்ந்தெடுத்தனர். அவனுக்கு வெர்கோபிரத்து என்பது பெயர். உயிர் காக்கவும் உயிர் போக்கவும் உரிமை படைத்த அவன், பதவிக்காலத்தில் நாட்டெல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். ஒரு குடும்பத்தில் ஒருவன் தலைவனாயிருந்து உயிரோடிருக்கும் வரை, அக்குடும்பத்து மற்றொருவன் தலைவனாவதற்கு மட்டுமன்று, அவையில் அமர்வதற்கும் தடை!

குடும்ப ஆட்சிக்கு இத்துணைக் கடுமையாகத் தாழ்போட்ட சட்டம் இன்றைய குடியரசுகளில் எத்தனையில் உண்டு? தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று பதவியேறும் நாடுகள் முன்னேறிய நாடுகளாம். ஆண்டுக்கு ஒருவனைத் தேர்ந்து, அவன் உறவினனை அவைக்குள்ளும் விடாத எதுவியர் பழங்குடியாம்! எழுத்தறியாதார் என்று தள்ளவும் வழியில்லை. எல்வெத்தியர் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது, ஆடவர், பெண்டிர், பிள்ளைகள், முதியோர் என ஆள்வாரியாகக் கணக்கெடுத்து, கிரேக்க எழுத்தில் பலகைகளில் பொறித்து வைத்திருந்தனர். அப்பலகைகள் சீசர் கையில் சிக்கின. புறப்பட்டோர் 3,68,000 பேர் என்றும், போர் முடிந்து ஊர் திரும்பியோர் 1,10,000 பேர் என்றும் அவனே எழுதி வைத்திருக்கிறான். மக்கள் தொகையைக் கணக்கெடுத்தவன் நாகரிகம் அற்றவன்; அத்தொகையில் மூன்றில் இரு பங்கு திரும்பாமற் செய்தவன் நாகரிகம் உடையவன்! அந்த எண்ணைத்தான் ‘நாகரிக மதிப்பு’ என்று திரையில் காட்டுகிறார்களா?

பெயரிட்டவன் எவன்?

விளையாட்டில் ஆட முடியாத ஒரு கூட்டமும் உண்டு. அதற்கு இட்ட பெயர் ‘பார்பாரியன்’. காடுகளிலும் மலைகளிலும் அவர்களின் அரண்கள் இருக்கும். அங்கிருந்து அவர்கள் புற்றீசல்போலப் புறப்பட்டு நாடுகளைச் சூறையாடுவர். அவர்களுக்கு அரசன் இல்லை; மொழியில்லை; கேட்க ஒரு குறையும் இல்லை. வெள்ளமும் கொள்ளைநோயும் போல, அடக்கப்பட வேண்டியதொரு கேடாகவே அவர்கள் வைக்கப்பட்டுள்ளனர்.

அப்பெயர் எங்கிருந்து வந்தது? கிரேக்கன் பேச்சு தெரியாதவன் பேசுவது அவன் காதில் ‘பர், பர்’ என்று விழுந்தது. அவ்வொலியையே பெயராக்கினான். அஃதாவது அச்சொல்லின் முதற்பொருள் கொடியவன் என்பதன்று. ‘என் மொழி பேசாதவன்’ என்பதே. வடமொழியாளர் பிறரைக் குறிக்க வழங்கிய ‘மிலேச்சர்’ என்னும் சொல்லும் தெளிவிலாப் பேச்சைக் குறித்து எழுந்ததே. எங்கும் இதே கதைதான்! தன் மொழி தெரியாமை ஒருவனின் குற்றமாகிறது, குற்றம் இழிவாகிறது, இழிவு அடிமைத்தனத்துக்கு ஞாயமாகிறது. மொழிப்பகையே இனப்பகையின் முதல் வித்து என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

மொழி சாகும் விதம்

விளையாட்டில் ஆளுநர் கையாளத்தக்க கொள்கைகளுள் ஒன்று ‘பண்பாட்டு ஒன்றிப்பு’. அதைத் தேர்ந்தெடுத்தால், வென்ற பகுதியில் வாழும் மக்கள் ஒருவர்பின் ஒருவராக வென்றவன் பண்பாட்டுக்கு மாறுவர். ஒரு கோடு நிரம்பிக்கொண்டே போகும். நிரம்பியதும் ஒரு கௌலியன் உரோமன் ஆகிவிடுவான். அழுகையில்லை, கலகமில்லை, அவன் தாய் பாடிய தாலாட்டு என்ன ஆயிற்று என்ற கேள்வியில்லை. இவ்வளவு பெரிய விளையாட்டில் மொழி என்று தனியே ஒன்று இல்லவே இல்லை! பண்பாடு என்பது ஒரு பெயர்ச்சீட்டு. ஒன்றைக் கிழித்து மற்றொன்றை ஒட்டினால் வேலை முடிந்தது.

மெய்யாகவே அது நடந்த விதம் வேறு. கி.மு. 58-இல் தொடங்கிய சீசரின் கௌலியப் போரில் பத்து நூறாயிரம் பேர் மாண்டனர், பத்து நூறாயிரம் பேர் சிறைப்பட்டனர் என்று புளூட்டார்க்கு எழுதினார். அவாரிக்கம் என்னும் நகரில் இருந்த ஏறத்தாழ 40,000 பேரில் உயிர் தப்பியோர் 800 பேர்கூட இல்லை என்பது சீசரின் கூற்று. கி.மு. 52-இல் அலேசியாவில் சரணடைந்த வெர்சிங்கெட்டோரிக்சு, கி.மு. 46-இல் சீசரின் வெற்றி ஊர்வலத்தில் காட்டப்பட்டுக் கொல்லப்பட்டான். ஆனால் கௌலிய மொழியைக் கொன்றது இந்த வாள் அன்று. வாளுக்குப் பின் வந்த பள்ளிக்கூடமே அதைக் கொன்றது!

எதுவியரின் பழந்தலைநகராகிய மலைநகர் பிபிராக்தே கைவிடப்பட்டது. சமவெளியில் அகுசுத்தசு பெயரால் உரோமப் பாங்கில் ஒரு புதுநகர் எழுந்தது. அங்குக் கௌலிய உயர்குடிப் பிள்ளைகளுக்கென்று உயர்கல்வி தொடங்கப்பட்டது. கி.பி. 21-இல் எதுவியன் சாக்ரோவிர் உரோமுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து அந்நகரைப் பிடித்தபோது, அப்பிள்ளைகள் அங்குப் பயின்றுகொண்டிருந்தனர். எந்தக் குடியில் தலைவர்கள் பிறக்க வேண்டுமோ அந்தக் குடியின் பிள்ளைகள் இலத்தீன் பயின்றனர். வழக்கு மன்றத்தில் இலத்தீன், பதவிக்கு இலத்தீன், பெருமைக்கு இலத்தீன், உழவன் வாயில் மட்டும் கௌலியம்! அப்படிப்பட்ட மொழி எத்தனை நாள் வாழும்? சில நூற்றாண்டு தாக்குப் பிடித்து, இறுதியில் செத்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்குரியதாகக் கருதப்படும் வெண்கல நாட்காட்டி ஒன்று 1897-இல் கொலீனி என்னும் ஊரில் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தது. கௌலியன் தன் மொழியில் தன் மாதங்களை எண்ணியதற்கு அது சான்று. பாரிசியர் என்னும் குடியின் பெயர் பாரிசு நகரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்குடியின் மொழியைப் பேசுவோர் அங்கு ஒருவரும் இல்லை.

வேடிக்கை ஒன்றுண்டு. உலகெங்கும் உருண்டோடும் ‘கார்’ என்னும் சொல், கௌலியன் தன் வண்டிக்கு இட்ட பெயரிலிருந்து இலத்தீன் கடன்வாங்கிய சொல்லின் வழிவந்தது. வண்டி செய்தவன் பழங்குடி. அதன் பெயரைக் கடன் வாங்கியவன் நாகரிகன்!

சாம்னியர் கதையும் அதுவே. ஆட்டம் தொடங்கும் கி.மு. 304, உரோமரும் சாம்னியரும் 22 ஆண்டு பொருத இரண்டாம் போர் முடிந்த ஆண்டு. சாம்னியர் பேசியது ஒசுக்கன் மொழி. இத்தாலிய மக்கள் உரோமுக்கு எதிராகக் கி.மு. 91-இல் ஒன்றுகூடி எழுந்தபோது, தம் காசில் உரோமின் ஓநாயைக் காளை ஒன்று மிதித்துக் குத்துவதாகப் பொறித்தனர். ‘விட்டேலியூ’ என்று இத்தாலியின் பெயரைத் தம் எழுத்தில், தம் மொழியில் பொறித்தனர். கி.மு. 82-இல் உரோமின் கோலின் வாயிலில் சுல்லா சாம்னியரைத் தோற்கடித்துச் சிறைப்பட்டோரைக் கொன்று குவித்தான். இன்று இத்தாலி என்னும் பெயர் உண்டு; அப்பெயரைக் காசில் பொறித்தவனின் மொழி கல்வெட்டிலும் பொம்பெயி நகரின் சுவரெழுத்திலும் மட்டுமே உண்டு.

இந்த மாற்றத்தின் உண்மைப் பெயரை உரோமனே அறிந்திருந்தான். தன் மாமனார் அக்ரிகோலா பிரித்தானியரை ஆண்ட கதையை எழுதிய தாசித்தசு, தலைவர்களின் பிள்ளைகளுக்கு இலத்தீன் கல்வியும், மக்களுக்குக் குளிப்பு மண்டபமும் விருந்தும் பழக்கப்பட்டதைச் சொல்லி, அறியாதார் இதை நாகரிகம் என்று கருதினாலும் இஃது அவர்கள் அடிமைத்தனத்தின் ஒரு கூறே என்று கருத்துரைத்தார். ஆட்சியிலிருந்த உரோமனுக்கே விளங்கிய உண்மை, இருபத்தொன்றாம் நூற்றாண்டின் விளையாட்டுக்கு விளங்கவில்லை. அவன் அடிமைத்தனம் என்று கண்டதை இது மதிப்பெண் என்று கொடுக்கிறது!

விளையாட்டுத்தானே என்பார்க்கு

‘விளையாட்டை விளையாட்டாகக் கொள்ளாமல் இத்துணைச் சினம் ஏன்?’ என்று கேட்பார் உளர். அவர் கருதுக: பாடநூலை மாணவன் படித்து மறந்துவிடுகிறான்; விளையாட்டின் விதியையோ அவன் கைகள் நூற்றுக்கணக்கான மணிநேரம் பழகுகின்றன. ‘நாகரிக மதிப்பு ஏறினால் நன்மை, பழங்குடி குறைந்தால் நன்மை’ என்று அவனிடம் ஒருவரும் வாதிடவில்லை. அவனே செய்து, அவனே பயன்கண்டு, அவனே நம்பிவிடுகிறான். சொல்லிக் கொடுத்த பாடத்தை எதிர்க்கலாம். ஆடிப் பழகிய பாடத்தை எதிர்க்க வேண்டும் என்றே தோன்றாது.

மற்றொரு கூற்றும் உண்டு. ‘பாடநூல்கள் கௌலியர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன; இவ்விளையாட்டோ எதுவியர், அர்வெர்னியர், எல்வெத்தியர் என்று ஒவ்வொருவரையும் நிலப்படத்தில் நிறுத்தி, விரும்பினால் அவர்களாக நின்று உரோமையே வெல்லவும் வழிவிடுகிறதே’ என்பர். இதில் உண்மை உண்டு, மறுப்பதற்கில்லை. மறைந்த குடிகளின் பெயர்களை இளைஞர் நாவில் ஏற்றியது நற்செயலே. ஆயின், வென்ற பின் அக்குடி செய்வதென்ன? அதே ஆளுநர், அதே ஒன்றிப்பு, அதே அடிமைக்கூட்டம்! உரோமன் பெயரை நீக்கிவிட்டுக் கௌலியன் பெயரை எழுதினால் உரோமம் ஒழிந்துவிடுமா? தோற்றவனுக்கு வென்றவனின் வேலையைக் கொடுப்பது விடுதலை ஆகாது.

குடி என்னும் சொல்

இவ்விளையாட்டின் நிலப்படம் இந்தியப் பரப்பையும் அளாவுவதால் இங்குள்ள சான்று ஒன்றையும் கருதவேண்டும். அதன் காலத்துக்குள் அமைந்தவன் அசோகன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அவன் பொறித்த பதின்மூன்றாம் பாறை ஆணை, கிரேக்க மன்னர் ஐவரைப் பெயர் கூறி, அவர்களோடு சேர்த்துச் சோழரையும் பாண்டியரையும் தன் எல்லைக்கு அப்பாற்பட்ட அண்டை நாட்டாராகக் குறிக்கிறது. கலிங்கப் போருக்காக வருந்திய அதே ஆணை, தன் ஆட்சிக்குட்பட்ட காட்டுமக்களை மட்டும், வருந்தும் தனக்கு ஒறுக்கும் ஆற்றலும் உண்டு என்று எச்சரிக்கிறது. பேரரசனின் கழிவிரக்கமும் காட்டின் எல்லையில் நின்றுவிடுகிறது! மேற்கில் மட்டுமா இந்தக் கோல்? பேரரசு எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் உண்டு.

தமிழிலோ ‘குடி’ என்பது இழிசொல் அன்று. வீடும் குடி, வீட்டார் வழிவழி வந்த மரபும் குடி, ஊரும் குடி, ஆளப்படும் மக்களும் குடி. குடிமகன் என்பதும் குடியரசு என்பதும் குடிமை என்பதும் அவ்வேரில் கிளைத்தவையே. பழங்குடி என்பதற்குத் தொன்றுதொட்டு வரும் சிறந்த குடி என்பதே பொருள். குடியரசும் பழங்குடியும் எதிரெதிர் நிற்கும் இரண்டு என்று தமிழன் ஒருபோதும் எண்ணியதில்லை. ஆங்கிலச் சொல்லின் நஞ்சைத் தமிழ்ச் சொல்லில் ஊற்றிய பின்னரே அவை எதிரெதிராயின. மொழிஞாயிறு பாவாணர் நாகரிகம் வேறு, பண்பாடு வேறு என்று பிரித்துக் காட்டினார். நகரமும் கட்டடமும் திருந்திய வாழ்வின் புறத்தோற்றம். உள்ளத்தின் திருத்தமே பண்பாடு. விளையாட்டு காட்டும் எண் எதை அளக்கிறது? கல்லையும் சாந்தையும் அளக்கிறது. அதைப் போய்த் தமிழில் ‘நாகரிக மதிப்பு’ என்று பெயர்ப்பதே பிழை. ‘நகர்மை அளவு’ என்க! பழங்குடி அரசு என்பதைக் ‘குடியவை அரசு’ என்க! பார்பாரியன் என்பதைக் ‘காட்டுமிராண்டி’ என்று எழுதுவதை விட்டு, அதன் மெய்ப்பொருள் விளங்க ‘அயன்மொழியார்’ என்க!

பிறனைக் குறை கூறும் வாய் தன்னையும் நோக்க வேண்டும். நீலமலைத் தோதவர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அவர் மொழியும் கோத்தர் மொழியும் தமிழின் உடன்பிறப்புகள். பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகரமுதலியைப் புரட்டினால், தமிழ் வேர் ஒன்றுக்குப் பக்கத்திலேயே தோதவச் சொல்லும் கோத்தச் சொல்லும் சான்று நிற்பதைக் காணலாம். தமிழின் தொன்மைக்குச் சான்று கூறும் மொழியைப் பேசுவோனையே ‘நாகரிகமற்றவன்’ என்று ஏசும் தமிழன், உரோமன் கோலைத் தன் கையில் பிடித்திருக்கிறான். தன் மொழிக்கு வடமொழியும் ஆங்கிலமும் செய்ததைத் தான் தோதவ மொழிக்குச் செய்பவனுக்குத் தூய தமிழ் பேசும் தகுதி ஏது?

மெய்யான வெற்றி

கௌலியம் செத்தது, ஒசுக்கன் செத்தது. ஆனால் எல்லாம் சாகவில்லை. பிரித்தானியரின் பழமொழி வேல்சு நாட்டில் இன்றும் வாழ்கிறது. ‘வேல்சு’ என்பதற்கு ஆங்கிலேயன் கருதிய பொருள் ‘அயலார் நாடு’. அம்மக்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் ‘கும்ரி’ என்பதற்கோ ‘உடன்நாட்டார்’ என்பது பொருள். தன் மண்ணிலேயே அயலான் என்று பெயரிடப்பட்டும் தன் பெயரை விடாத இனம் அது! 1536-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் மொழியை வழக்கு மன்றத்திலிருந்து துரத்தியது. 1911-இல் ஏறத்தாழ 9,77,000 பேர் பேசிய மொழி, 2021 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5,38,000 பேரளவில் நிற்கிறது. ஆயினும் 1967, 1993 ஆண்டுகளின் சட்டங்களையும், மொழிக்கு அலுவல் நிலை தந்த 2011 சட்டத்தையும் போராடிப் பெற்றனர். 2050-க்குள் பத்து நூறாயிரம் பேரைப் பேசவைப்பது என்று வேல்சு அரசே இலக்கு வகுத்துள்ளது. பைரனீசு மலையடியில் உரோமனுக்கும் முற்பட்ட பாசுக்கு மொழியும் அவ்வாறே வாழ்கிறது. பிராங்கோவின் அடக்குமுறையைக் கடந்து, 1979-இல் தன் மண்ணில் அலுவல் மொழி உரிமை பெற்றது.

இம்மக்கள் முடியரசாக மாறி வெல்லவில்லை. நகர்மை எண்ணை உயர்த்தி வெல்லவில்லை. அயலானை விழுங்கியும் வெல்லவில்லை. தம் பிள்ளைக்குத் தம் சொல்லைக் கொடுத்தார்கள்; அதனால் வென்றார்கள். அந்த வெற்றியை எண்ணுவதற்கு அவ்விளையாட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.

தமிழிளைஞன் ஆடட்டும், ஆடவேண்டா என்று தடுப்பார் இல்லை. ஆடும்போது எதுவியர் சட்டத்தையும், சாம்னியர் காசையும், கொலீனி நாட்காட்டியையும் நினைவில் கொண்டு ஆடுக. கணினியில் தேர்ந்தவன், ஒரு குடி தன் மொழியைக் காத்து நின்றால் அதுவே வெற்றி என்று எண்ணும் விளையாட்டைத் தமிழில் தானே இயற்றுக. அதுவரை, திரையில் எழும் ‘நாகரிகம்’ என்னும் எண்ணைக் காணுந்தோறும் ஒரே ஒரு கேள்வி கேட்க: இந்தக் கோல் எவன் கையில் இருந்தது?

கோல் பிறன் கையில் உள்ளவரை, குடி உயர்ந்ததென்று ஒருநாளும் அவன் எழுதான். கோலைப் பறிமின்!